வங்கிக் கடிதத்தை உங்கள் கையில் வாங்காதீர்கள்

கணக்காய்வு அறிக்கை கைக்கு வந்து நான்கு நாட்களாகின்றன. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது. முன்பள்ளிக் கட்டடத்துக்கு வெளிநாட்டிலுள்ள எங்கள் ஊரவர்கள் முதற்கட்டப் பணம் அனுப்பியிருந்தார்கள். பட்டயக் கணக்காளர் ஒப்பமிட்ட கணக்காய்வு அறிக்கை கிடைத்தால்தான் இரண்டாம் கட்டம் என்பது அவர்களுடைய நிபந்தனை. சங்கத்துக்குப் பொருளாளர் நான், அலைச்சலும் என்னுடையதாயிற்று.

முதல் பிழை, தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் காசேட்டைக் கொடுத்தது. வரவு செலவுக் கணக்கையும் ஐந்தொகையையும் அவரே தயாரித்து, அவரே ‘கணக்காய்வு செய்யப்பட்டது’ என்று முத்திரையும் குத்தித் தந்தார். 15,000 ரூபாய் கொடுத்தேன். ஊரவர்கள் அதை ஏற்கவில்லை. அவர் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்பினர் இல்லை. உறுப்பினராக இருந்திருந்தாலும், தான் எழுதிய கணக்கைத் தானே பரிசோதித்ததாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? கணக்கைத் தயாரிப்பது சங்கத்தின் பொறுப்பு. அதைப் பார்த்து அபிப்பிராயம் சொல்பவர் வெளியே நிற்கவேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிறகு மட்டக்களப்பு நகரில் ஒரு பட்டயக் கணக்காளரைப் பிடித்தோம். உடன்படிக்கைக் கடிதம், கட்டணம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. மார்ச் 31ஆம் திகதி வங்கியில் எவ்வளவு மீதி இருந்தது என்பதை வங்கியே உறுதிப்படுத்தவேண்டும் என்று படிவம் ஒன்றைத் தந்தார்கள். நாங்கள் ஒப்பமிட்டுக் கொடுத்தால் வங்கி நிரப்பும். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

வங்கியில் இருந்த உத்தியோகத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு, சங்கக் கணக்கில் ஒப்பமிடும் மூன்று பேரும் ஒப்பமிடவேண்டும் என்று திருப்பித் தந்தார். மூன்றாமவர் எங்கள் செயலாளர். கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டாம் முறை போனபோதும் அதே பதில். அன்று மதியம் வரை கால் கடுக்க நின்றுவிட்டு, கிளை முகாமையாளரைச் சந்தித்தேன். அவர் கோவையை எடுத்துப் பார்த்தார். மூவரில் எந்த இருவர் ஒப்பமிட்டாலும் செல்லும் என்று கணக்குத் திறந்த நாளிலேயே எங்கள் தீர்மானக் கடிதத்தில் எழுதியிருந்தது! அந்தக் கடிதத்தின் பிரதி என் கையில் இருந்திருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். உங்கள் சங்கத்துப் பிரதி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்.

அதே உத்தியோகத்தர் கடிதத்தை நிரப்பி, முத்திரை குத்தி, உறையிலிட்டு என் கையில் தந்தார். அடுத்த நாள் காலை முதல் பஸ்ஸில் நகரத்துக்குப் போனேன். கணக்காய்வு அலுவலகத்திலிருந்த பயிலுநர் பிள்ளை உறையைத் திறக்கவே இல்லை. “ரீச்சர், இது உங்கள் கைவழியாக வந்துவிட்டது. இதை நான் சான்றாக எடுக்க முடியாது” என்றாள்.

எனக்கு முகம் சுட்டது. 22 வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவள் நான். கணக்காய்வாளர் உள்ளே அழைத்து, இருக்கச் சொல்லி, விளக்கினார். வெளியாரின் உறுதிப்படுத்தல் பற்றி இலங்கைக் கணக்காய்வு நியமம் 505 சொல்கிறது. கேள்வி அவரிடமிருந்து வங்கிக்குப் போய், பதில் வங்கியிலிருந்து நேரே அவரிடம் வரவேண்டும். நடுவில் யாருடைய கையும் படக்கூடாது. என்னைச் சந்தேகித்து இதைக் கேட்கவில்லை என்றும், எல்லாரிடமும் இப்படித்தான் என்றும் சொன்னார். மனம் ஆறச் சில நாள் எடுத்தது. ஆனால் அவர் சொன்னது சரி. புதுப் படிவத்தை அவர்களே தபாலில் அனுப்பினார்கள். பதிலும் அவர்களுக்கே போனது.

எல்லா வவுச்சரையும் அவர்கள் பார்க்கவில்லை. தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள். சில்லறைக் காசில் 350 ரூபாய் இடித்ததைக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். மண்ணுக்குக் கொடுத்த 96,000 ரூபாயை மட்டும் விடவில்லை. கணக்காய்வில் பொருண்மை என்பது இதுதான்: கணக்கை வாசிப்பவரின் முடிவை மாற்றக்கூடிய அளவு பெரியதா என்று பார்ப்பது. லொறிக்காரத் தம்பியிடம் நான் பற்றுச்சீட்டு வாங்கவில்லை. கொப்பியில் எழுதிவைத்ததோடு சரி. அவரைத் தேடி வெல்லாவெளிக்குப் போனேன். நல்லகாலம், மண் ஏற்றும் அனுமதிப்பத்திரப் பிரதிகளை லொறியிலேயே ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தார். திகதியும் வாகன இலக்கமும் என் கொப்பியோடு ஒத்துப்போயின. அந்தப் பையை அவர் விரித்த நேரத்தை நான் மறக்கமாட்டேன்.

கணக்காய்வு அலுவலகத்தார் களஞ்சியத்தைப் பார்க்க வந்த அன்று, ஏட்டில் 40 சீமெந்துப் பக்கற், எண்ணினால் 37. கோயில் மதில் வேலைக்குத் தலைவர் கைமாற்றாகக் கொடுத்த மூன்றை யாரும் எழுதவில்லை. கோயில் நிர்வாகத்துக்குப் பொறுப்பான வண்ணக்கரிடம் எழுத்தில் வாங்கிக் கொடுத்தோம்.

இவ்வளவுக்குப் பிறகும் அறிக்கை முழுச் சுத்தமாக வரவில்லை. திருவிழாவில் உண்டியல் வைத்துச் சேர்த்த பணத்தை, ஏட்டில் பதிவதற்கு முன் முழுமையாக வந்ததா என்று உறுதிசெய்ய வழியில்லை. அந்த ஒரு விடயம் தவிர கணக்குகள் உண்மையானதும் நியாயமானதுமான நிலையைக் காட்டுகின்றன என்று கணக்காய்வாளர் எழுதியிருந்தார். வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. உண்டியல் காசு சேர்க்கும் சங்கங்களுக்கு இப்படி ஒரு பந்தி வருவது வழமை என்றார். இதைக் களவு என்று வாசித்துவிடாதீர்கள், உங்கள் அங்கத்தவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எங்கள் கூட்டத்தில் அதை விளக்கவே ஒரு மணி நேரம் போனது.

நேற்று இரவு ஊரவர்களிடமிருந்து பதில் வந்தது. அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகங்களைக் களுவாஞ்சிக்குடியில் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். உண்டியலுக்கு இரண்டாவது பூட்டு வாங்கியாகிவிட்டது. அதன் திறப்பு வண்ணக்கரிடம் இருக்கும்.