பாட்டுப் போட்டாலே போதுமே, அண்ணா?

மைதானத்தில் நடந்த ஒரு ராக் நிகழ்ச்சியில், முக்கியக் குழுவுக்கு முன்னால் ஏறும் முதல் குழுவில் பேஸ் கிடார் வாசிக்கிற பையன் கேட்ட கேள்வி அது. கேட்டது ஆங்கிலத்தில்தான், தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வளர்ந்த அவன் வயதுப் பிள்ளைகளுக்கு வாயில் வருகிற மொழி அதுதான். 'அண்ணா' மட்டும் தமிழ். அந்த ஒரு சொல்லால்தான் கேள்வி இன்னும் என்னை விடவில்லை என்று நினைக்கிறேன்.

அதற்கு ஒரு நிமிடம் முன்னால், மேடைக்குப் பின்னே அலுவலகமாகப் போட்டிருந்த கன்டெய்னரில், "முதல் குழுவை எடுத்துவிட்டு முக்கியக் குழுவை 7 மணிக்கே ஏற்றிவிடலாமா?" என்று என்னிடம் கேட்டார்கள். அப்போது மணி 5.40. மேடை மேலாளர் என்ற முறையில் நான் சொன்னேன்: "வேண்டாம். பாதிக்கு மேல் கூட்டம் இன்னும் வெளியே நிற்கிறது. அவர்கள் உள்ளே வந்து சேரும்வரை மேடையில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும்."

ஏதாவது. கிடார்ப் பெட்டியோடு அவன் கன்டெய்னர் வாசலில் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அவன் கேள்விக்கு நான் கொடுத்த பதில் இது: "உங்க பேஸுக்கு டிஐ பாக்ஸ் இருக்கா, நாங்க தரணுமா?" கிடாரை ஒலி அமைப்போடு இணைக்கிற சின்னப் பெட்டி அது.

நான் சொன்ன காரணம் சரியானது. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சீட்டை ஸ்கேன் செய்து, பையையும் திறந்து பார்த்தால் ஒரு வரிசையில் நிமிடத்துக்கு 8 அல்லது 9 பேர்தான் உள்ளே போக முடியும். 40 வரிசை என்றால் மணிக்கு 20,000 சொச்சம். 30,000 பேருக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு சொல்லும். ஸ்கேனர் நின்றுபோகும், ஒருவர் தவறான வாசலுக்கு வந்திருப்பார், இன்னொருவர் பையில் கண்ணாடிப் புட்டி இருக்கும். ஆகவே நடைமுறையில் இரண்டு மணி நேரம். 4.30க்குத் திறக்கவேண்டிய வாசலை அன்று 5.10க்குத்தான் திறந்தோம். 7 மணிக்கு முக்கியக் குழு ஏறியிருந்தால் சில ஆயிரம் பேர் வெளியே நின்றபடி முதல் பாட்டைக் கேட்டிருப்பார்கள்.

அது எவ்வளவு ஆபத்து என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ என்ற ராக் குழுவின் நிகழ்ச்சி. உள்ளிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று வெளியே நின்றவர்கள் நினைத்தார்கள். திறந்திருந்த கதவுகள் மிகச் சில. நெரிசலில் 11 பேர் செத்தார்கள். நம் நாட்டில் 2001 ஏப்ரல் 11, ஜோஹன்னஸ்பர்க்கின் எல்லிஸ் பார்க் மைதானம். கைசர் சீஃப்ஸும் ஆர்லாண்டோ பைரட்ஸும் உள்ளே கால்பந்து ஆடிக்கொண்டிருக்க, வெளியே நின்ற கூட்டம் முண்டியது. 43 பேர். விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளின் பாதுகாப்புக்காக 2010இல் வந்த சட்டத்தின் கீழ் இன்று தாள்தாளாகத் திட்டம் எழுதிக் கொடுக்கிறோமே, அந்தத் தாள்களுக்குப் பின்னால் அந்த 43 பேரும் இருக்கிறார்கள். வாசலில் நிற்பவருக்கு 'உள்ளே வாசிப்பது முதல் குழுதான், நான் எதையும் இழக்கவில்லை' என்று தெரிந்திருந்தால் அவர் தள்ளமாட்டார். அச்சடித்த நேரப்பட்டியலில் முதல் குழுவுக்கு என்று ஒரு வரி இருப்பதே ஒரு தடுப்பு வேலி.

இவ்வளவும் சரிதான். ஆனால் அவன் கேட்டது இதையல்ல. வேலி போதும் என்றால் பாட்டுப் போட்டாலே போதுமே என்று கேட்டான்.

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்கக்கூடிய பதில்களைப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஒலிக்காக என்று சொல்லியிருக்கலாம். காலி மைதானமும் நிறைந்த மைதானமும் ஒன்றல்ல. புல்லின் மேல் விரித்த பிளாஸ்டிக் தரை சத்தத்தைத் திருப்பி அடிக்கும்; அதே தரையில் ஆட்கள் நின்றால் உடம்பும் துணியும் மேல் ஸ்தாயியை விழுங்கிவிடும். வெயில் இறங்கினால் ஒலியின் வேகமும் இறங்கும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர் வீதம். பின்னால் நிற்பவர்களுக்காக மேடையிலிருந்து 60 மீட்டரில் வைத்த ஸ்பீக்கர் கோபுரமான டிலே டவருக்கு, மேடைச் சத்தத்தோடு சேர்ந்து கேட்க 28 டிகிரியில் 172 மில்லிசெகண்ட் தாமதம் கொடுத்திருந்தால், 20 டிகிரியில் அது 175ஐ ஒட்ட வேண்டும். டர்பனில் பிற்பகல் ஏறும் வடகிழக்குக் காற்று சிம்பலின் ஓசையை ஒரு பக்கமாக அள்ளிக்கொண்டு போகும், பிறகு கொண்டுவந்து போடும். அன்று முக்கியக் குழுவின் ஒலிச் சோதனை 3.45க்கு முடியாமல் 5.05 வரை இழுத்ததற்குக் காற்றும் அந்த டவரும்தான் காரணம். முதல் குழு வாசிக்கும்போதுதான் சிஸ்டம் இன்ஜினியர் ஆட்களோடு சேர்ந்த மைதானத்தை முதன்முதலாகக் கேட்கிறார்.

ஆனால் அதற்கும் பாட்டே போதும். பத்து வருடமாகக் கேட்டுப் பழகிய ஒரே பாட்டைப் போட்டு, எந்த இடத்தில் என்ன குறைகிறது என்று சொல்லிவிடுவார்கள் அந்த இன்ஜினியர்கள். முன்பின் கேட்டிராத குழுவின் டிரம் சத்தத்தைவிடப் பழகிய பாட்டு நல்ல அளவுகோல். ஆக, அந்தப் பதில் நிற்கவில்லை.

காது பழக வேண்டும் என்றும் சொல்வார்கள். அன்று முதல் குழுவுக்கு 98 டெசிபல், முக்கியக் குழுவுக்கு 102 என்று மேல்வரம்பு. முதலிலேயே உரக்கப் போனால் காது களைத்துவிடும் என்பது நியாயம். மெதுவாக ஒரு பாட்டைப் போட்டாலும் அதே நியாயம்தான்.

நின்ற பதில் ஒன்று உண்டு; அது வந்து சேர ஒரு வாரம் ஆயிற்று. பாட்டுப் போட்டால் யாரும் முன்னால் நகரமாட்டார்கள். மேடையில் ஆள் ஏறினால்தான் கூட்டம் நகரும். தடுப்புக் கம்பிக்கு உள்ளே நிற்கும் பாதுகாப்பு ஆட்களுக்கு அதுதான் ஒத்திகை: எந்த மூலையில் நெருக்கம் ஏறுகிறது, எந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் கம்பியோடு ஒட்டிவிட்டார்கள், மயங்கியவரைத் தூக்கி மருத்துவக் கூடாரத்துக்குக் கொண்டுபோக எத்தனை நிமிடம், தண்ணீர்க் கோப்பைகள் எந்தப் பக்கம் தீர்ந்துபோகின்றன. பாதி நெருக்கத்தில் இதையெல்லாம் பார்த்துவிட்டால் முழு நெருக்கத்தில் கை தடுமாறாது. அன்றைக்கும் இடது மூலையில் கம்பியை ஒட்டிக் கூட்டம் இறுகுவது இரண்டாவது பாட்டில்தான் தெரிந்தது. ஒரு குழு இறங்கி அடுத்தது ஏறும் மாற்று நேரத்தில் அங்கே நாலு பேரைக் கூடுதலாக நிறுத்தினோம். எந்த ஒலிநாடாவும் அதைக் காட்டித் தந்திருக்காது.

இந்தப் பதிலை அவனிடம் சொல்லியிருந்தால் அவன் முகம் தெளிந்திருக்குமா? தெளிந்திருக்காது. 'ஏதாவது' என்ற இடத்தில் 'ஒத்திகை' என்று மாற்றி வைத்தேன், அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதில்லை. கரும்புத் தோட்டக் காலத்தில் இங்கே வந்து, சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பேர் வாங்கிக்கொண்ட தெருக்கூத்தில் கதை தொடங்குமுன் களரி கட்டுவார்கள். மத்தளமும் தாளமும் முழங்கி, சனம் வந்து உட்காரும்வரை ஓடும். அதுவும் கூட்டம் சேர்க்கும் வேலைதான். ஆனால் களரி கட்டிய அதே கைகள்தான் விடியும்வரை வாசிக்கும். ராக் மேடையில் அப்படியில்லை. முன்னால் வருகிறவன் வேறு, பின்னால் வருகிறவன் வேறு. நடுவில் அரை மணி நேரம் இருக்கிறது. அந்தப் பிளவு சில சமயம் கொடுமையாக முடிந்திருக்கிறது. 1967இல் மங்கீஸ் என்ற பாப் குழுவுக்கு முன்னால் ராக் கிடார்க்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸை ஏற்றினார்கள். சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகிவிட்டார். 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் கொலிசியத்தில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் ஏறிய பிரின்ஸ் மீது கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள். ஆள் சரியில்லாமலா? கூட்டத்துக்கும் குழுவுக்கும் பொருத்தம் பார்க்கவில்லை. மறுபக்கமும் உண்டு: முதல் குழு இல்லாமலே மூன்று மணி நேரம் வாசித்துப் பழகிய புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், 2014இல் ஜோஹன்னஸ்பர்க் எஃப்என்பி மைதானத்தில் வாசித்தபோது நம் ஊர் கிடார்க்காரர் டான் பட்லான்ஸ்கிதான் முன்னால் வாசித்தார். தேவையில்லாதவருக்கு முன்னாலும் அங்கே ஒருவருக்கு இடம் இருந்தது. அதை நினைக்கும்போது என் 'ஏதாவது' இன்னும் சிறிதாகிறது.

மேடைக்கு வருகிறேன். குழுவை எடுக்கவில்லை, குறைத்தோம். 30 நிமிடம் 18 ஆனது, 6.40 முதல் 6.58. அவர்களுடைய ஒலிச் சோதனை நேரம் முக்கியக் குழுவிடம் ஏற்கெனவே போய்விட்டது. மிச்சம், ஒவ்வொரு மைக்கும் கேபிளும் வேலை செய்கிறதா என்று பார்க்கும் லைன் செக் மட்டும், 6 நிமிடம்.

15 லைன்: டிரம்முக்கு 7, பேஸ் 1, கிடார் 2, குரல் 3, லேப்டாப் 2. ஒன்றுக்கு 15 நொடி வைத்தால் நாலு நிமிடத்துக்குள் முடியும். நேரம் இல்லாதபோது வரிசைப்படி, காலால் அடிக்கும் கிக் டிரம்மிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. குரல் முதலில், அடுத்து கிக், அடுத்து பேஸ். டாம் டிரம்மின் மைக் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் பாட்டு நிற்காது. குரல் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. அன்று வழக்கம்போல் கிக்கிலிருந்து போனார்கள். ஸ்னேர், ஹை ஹேட், டாம் என்று போய் பேஸுக்கு வரும்போது நேரம் தீர்ந்தது. குரல் மூன்றையும் அவசரமாக ஒரு 'ஹலோ'வில் முடித்தார்கள். பேஸை யாரும் தனியாகக் கேட்கவில்லை.

முக்கியக் குழுவின் கருவிகள் கறுப்புத் துணிக்குள் மூடிக் கிடக்க, முன்னால் இரண்டரை மீட்டர் ஆழம்தான் இவர்களுக்கு. தரையில் வைத்த சின்னப் பெட்டியில் 8, 9 இரண்டு முனைகளும் மாறிச் செருகப்பட்டிருந்தன. பேஸ் கிடார் சேனலில் வந்தது. அந்தச் சேனலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் போட்டிருந்ததால் அடிநாதம் முழுக்கப் போய், கம்பியைச் சுரண்டுகிற சத்தம் மட்டும் மைதானத்துக்குக் கேட்டது. கிடாரோ பேஸ் சேனலில் வந்து கொழகொழத்தது. ஒலியைக் கலக்கும் கன்சோலில் நிற்பவர் பேஸ் குறைகிறது என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்ற, கிடார்தான் ஏறியது. இந்த மாதிரிக் கோளாறில் எல்லோரும் செய்யும் தவறு அது: சத்தத்தைக் கூட்டுவார்கள், லைனைப் பார்க்கமாட்டார்கள். காரணம் புரிய இரண்டு நிமிடம். இரண்டு சேனலையும் மியூட் செய்துவிட்டு, முதல் பாட்டு முடிந்த இடைவெளியில் முனைகளை மாற்றினோம். மியூட் செய்யாமல் பிடுங்கியிருந்தால் உள்ளே இருந்த எல்லோர் காதிலும் வெடி வெடித்திருக்கும்.

18 நிமிடத்தில் இரண்டு நிமிடம். தனக்கு முன்னால் இருந்த மானிட்டர் ஸ்பீக்கரில் தன் பேஸே கேட்காமல் அவன் வாசித்தான். டிரம்மரின் காலைப் பார்த்தபடி கைகளை நடத்தினான். தாளம் ஒரு இடத்திலும் சறுக்கவில்லை.

தேவை என்று சொல்லி நிறுத்திவைத்த குழுவின் நேரத்தைத்தான் எல்லாத் தாமதத்துக்கும் வெட்டினோம் என்பதுதான் எனக்கு ஒத்துவராமல் இருக்கிறது. தேவை என்றால் அவர்களுக்கு ஒலிச் சோதனை இருக்க வேண்டும், லைன் செக்குக்கு 15 நிமிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏற்றவே கூடாது. எழுதும்போது இது எளிதாக வருகிறது. அன்றைய தாளைத் திரும்பப் பார்க்கிறேன்: வாசல் நேரத்தைத் தொட முடியாது, 10.30க்கு ஒலி நிற்க வேண்டும், முக்கியக் குழுவின் மூன்று மணி நேரம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, மாற்று நேரத்துக்கு 32 நிமிடம் கேட்டிருந்தார்கள். வெட்டக்கூடியது அந்த ஒரு வரிதான். நாளைக்கு அதே நிலைமை வந்தாலும் என் பேனா அந்த வரிக்குத்தான் போகும் என்று பயப்படுகிறேன்.

6.57க்கு மேடை ஓரத்திலிருந்து சிவப்பு டார்ச் காட்டினேன். பாட்டு நடுவில் இருந்தது. சில குழுக்கள் டார்ச்சைப் பார்க்காத மாதிரி இன்னொரு பல்லவியை இழுப்பார்கள். இவன் பாடகரின் பக்கம் ஒரு தலையசைப்புத்தான் செய்தான். அடுத்த நாலு தாளத்தில் சுத்தமாக முடித்தார்கள். இறங்கும்போது தன் கேபிளைத் தானே முறுக்கு விழாமல் சுருட்டிக்கொண்டு வந்தான்.

"நேரத்துக்கு முடிச்சோமா, அண்ணா?"

"6.58" என்றேன்.

32 நிமிடம் கேட்டிருந்த மாற்று வேலை 21 நிமிடத்தில் முடிந்தது. 7.19க்கு மேடை தயார். முக்கியக் குழு 7.30க்கு ஏறவில்லை, 7.55க்குத்தான் வந்தார்கள். அதுவரை 36 நிமிடம் மேடை காலியாகக் கிடந்தது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டிருந்தோம்.