ஸ்கேன் ஃபைல் வேறு, டிசைன் ஃபைல் வேறு

"ஸ்கேன் பண்ணியாச்சுல்ல தம்பி, அந்த ஃபைலை அப்படியே குடுங்க." மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து தேய்ந்த பாகத்தோடு வருகிற பலரும் கேட்பது இதுதான். திரையில் பொருள் அச்சு அசலாகத் தெரிகிறபோது இன்னும் என்ன வேலை பாக்கி என்று தோன்றுவது நியாயம்தான். ஆனால் அந்த ஸ்கேனை வைத்து, அளவு மாற்றக்கூடிய டிசைனாக வரைந்து தருகிற என் வேலையே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஸ்கேனர் தருவது மெஷ். லட்சக்கணக்கான முக்கோணங்களை ஒட்டிச் செய்த வெறும் தோல். எது துளை, எது ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இறுக்குகிற தட்டையான விளிம்பு) என்று அதற்குத் தெரியாது. மெஷ்ஷைச் சேமிக்கிற எஸ்டிஎல் ஃபைலில் அளவு மில்லிமீட்டரா அங்குலமா என்ற குறிப்புகூடக் கிடையாது. ஃப்ரீகேட் என்ற டிசைன் மென்பொருளில் போட்டு சாலிடாக, அதாவது உள்ளே நிரம்பிய பொருளாக, மாற்றலாம்தான். ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தனி முகமாகிக் கணினி திணறும். துளையைப் பெரிதாக்கலாம் என்று போனால், பிடித்து மாற்ற அதில் ஒரு வட்டம்கூட இருக்காது. மெஷ்ஷின்மேல் வளைபரப்புகளைத் தானே போர்த்தி, டிசைன் மென்பொருள்கள் படிக்கிற ஸ்டெப் ஃபைலாகத் தருகிற மென்பொருள்களும் உண்டு. சுவாமிமலைச் சிலைக்கும் நாச்சியார்கோயில் விளக்குக்கும் அதுதான் சரியான வழி, அங்கே கைவேலையின் ஒவ்வொரு மேடுபள்ளமும் வேண்டும். ஓடித் தேய்ந்த எந்திர பாகத்துக்கு அது ஆகாது. தேய்மானத்தையும் டிசைன் என்றே எடுத்துக்கொள்ளும்.

போன கோடையில் வந்த ஒரு பேரிங் ஹவுசிங்கை, அதாவது பேரிங் உட்காருகிற கூட்டை, சொல்கிறேன். பெல்ட் டைப் அறுவடை மெஷினில், செயின் இழுக்கிற ஷாஃப்ட்டின் முனையில் உட்காருவது. வார்ப்பிரும்பு, நான்கு போல்ட். பழைய மாடல் என்பதால் உதிரி கிடைக்கவில்லை. குறுவை அறுப்புக்கு முன்னால் வண்டி தயாராக வேண்டும். அறுப்பு நேரத்தில் வண்டி வயலில் நின்றால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கிரீஸும் களிமண்ணும் போகக் கழுவி, கடைந்த பளபளப்பு முகங்களுக்கு வெள்ளை ஸ்பிரே அடித்து ஸ்கேன் எடுத்தேன். அடுத்து மெஷ்ஷை நேராக நிறுத்த வேண்டும். வார்ப்பு முகத்தை நம்பக் கூடாது, மண் அச்சிலிருந்து பேட்டர்னை (வார்ப்புக்கான மாதிரி உருவை) உருவ வசதியாக விட்ட டிராஃப்ட் சாய்வு அதில் இருக்கும். கடைசல் பட்ட ஃபிளாஞ்ச் முகத்தை அடித்தளமாகவும், போரின் (பேரிங் உட்காருகிற நடுத்துளையின்) மையக்கோட்டைச் செங்குத்து அச்சாகவும் வைத்தேன். இதில் கால் டிகிரி சாய்ந்தால்கூட அதன்பின் எடுக்கிற எல்லா அளவும் சாய்ந்தே வரும்.

போருக்கு வருவோம். மெஷ்ஷைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் விட்டம் ஒரு திசையில் 62.1 மில்லிமீட்டர், அதற்குக் குறுக்கே 62.8. செயின் இழுத்த பக்கம் பேரிங் அலைந்து அலைந்து தின்றிருக்கிறது. முழு வட்டத்துக்கும் சராசரி எடுத்தால் விட்டமும் தப்பு, மையமும் தேய்ந்த பக்கமாக நகர்ந்துவிடும். அதனால் தேயாத எதிர்ப்பக்க வளைவை மட்டும் தேர்ந்தெடுத்து அதற்கு வட்டம் பொருத்தினேன். மையம் அங்கிருந்து கிடைத்தது. விட்டத்தை ஸ்கேனிடம் கேட்கவே வேண்டாம், பேரிங் சொல்லிவிடும். பக்கவாட்டில் 6206 என்று பொறித்திருந்தது. உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16. ஹவுசிங் துளைக்கு எச்7 என்ற அளவு வரம்பு என்றால் 62.000-இலிருந்து 62.030-க்குள். இந்த முப்பது மைக்ரானை என் ஸ்கேனரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதை அட்டவணையிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

போல்ட் வட்டம்தான், அதாவது நான்கு போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகப் போகிற வட்டம்தான், யோசிக்க வைத்தது. ஸ்கேனில் 114.6. நாலரை அங்குலம் என்றால் 114.3, மெட்ரிக் என்றால் 115. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. துளைகளும் தளர்ந்து போயிருந்தன. ஸ்கேனையே முறைத்துக்கொண்டிருந்து பயனில்லை. வண்டி நிற்கிற ஊருக்கே போய், ஹவுசிங் உட்காருகிற தகட்டில் வெர்னியர் வைத்துப் பார்த்தேன். 115. முதலில் வரைந்தவர் மனதில் இருந்த எண் எது என்று கண்டுபிடிப்பதைத்தான் நான் இந்த வேலையின் உயிர் என்பேன். ஸ்கேன் அதற்கு ஒரு சாட்சி. வெர்னியர், பேரிங் அட்டவணை, எதிர்ப்பாகம் எல்லாம் மற்ற சாட்சிகள்.

எண்கள் கிடைத்துவிட்டால் வரைவது வேகமாக முடியும். ஃபிளாஞ்ச், அதன்மேல் பாஸ் (போரைச் சுற்றி எழும்பி நிற்கிற உருளைப் பகுதி), நடுவில் போர், விலாக்கள், நான்கு துளைகள். ஃபில்லெட், அதாவது மூலைகளின் உருட்டல், எல்லாவற்றையும் கடைசியில் போடுவேன். முன்பெல்லாம் ஃப்ரீகேடில் ஆரம்ப ஸ்கெட்ச்சைத் தொட்டால் பின்னால் போட்ட ஃபில்லெட்கள் இடம் மாறி உடையும். 2024-இல் வந்த 1.0 பதிப்பில் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது, பெரிய நிம்மதி.

பழைய ஹவுசிங்கையே மண்ணில் அமுக்கி வார்த்தால் என்ன என்று கேட்பார்கள். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். 115 என்ற போல்ட் வட்டம் 114-க்கு அருகில் போய் நிற்கும், கடைசலுக்கு விட வேண்டிய இரும்பும் இருக்காது. வரைந்த மாடல் இருந்தால் பேட்டர்னுக்குச் சுருக்கமும் கடைசல் கூடுதலும் சேர்த்துத் தனியாக எடுத்துவிடலாம்.

மெஷ்ஷையும் மாடலையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வித்தியாசத்தைக் காட்டும் வண்ணப் படம் எடுத்தபோது பெரும்பாலும் பொருந்துகிற பச்சை, போரின் ஒரு பக்கம் மட்டும் விலகலைக் காட்டும் நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு வண்டிக்காரர், "கொஞ்சம் பெரிய பேரிங்கா போட்டுடலாமா?" என்றார். ஷாஃப்ட் அதே 30 என்பதால் 6306 போடலாம். வெளிவிட்டம் 72, அகலம் 19. போர் அளவை 72 ஆக்கினேன், ஆழத்தைக் கூட்டினேன், பாஸ் வெளிவிட்டத்தை 82-இலிருந்து 92-க்கு ஏற்றினேன். எம்10 போல்ட் தலைக்கும் பாஸுக்கும் இடையே இடைவெளி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. முக்கோணத் தோலை வைத்துக்கொண்டு இதைச் செய்ய வழியே இல்லை.

கடைசியாக, ஸ்டெப் ஃபைலோடு அளவுகளும் எச்7-உம் எழுதிய ஒரு தாளையும் அச்செடுத்துக் கொடுத்தேன். லேத்தில் நிற்கிறவர் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.