‘பட்டியல்’ என்ற பெயருக்கு மட்டும் விழும் புரோகிராம்

மார்ச் 3
டைரக்டரியில் உள்ள ஃபைல் பெயர்களை வரிசைப்படுத்திக் காட்டும் சின்ன சி யுட்டிலிட்டி ஒன்றை ரொம்ப நாளாகப் பராமரித்து வருகிறேன். ‘பட்டியல்’ என்று ஒரு ஃபைல் இருந்தால் புரோகிராமே விழுகிறது (கிராஷ் ஆகிறது) என்று ஒருவர் எழுதியிருந்தார். ஓட்டிப் பார்த்தேன். பெயர்களை ஒழுங்காகக் காட்டிவிட்டு, முடியும் நேரத்தில் ‘ஃப்ரீ: இன்வேலிட் பாயிண்டர்’ (ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீக்குத் தவறான முகவரி) என்று சொல்லி நின்றது. எக்ஸிட் ஸ்டேட்டஸ் (புரோகிராம் எப்படி முடிந்தது என்று சொல்லும் எண்) 134, அதாவது 128 கூட்டல் 6, 6 என்றால் தானே நிறுத்திக்கொள்ளும் அபார்ட் சிக்னல். செக்மென்டேஷன் ஃபால்ட் (தொடக்கூடாத நினைவக முகவரியைத் தொடுவது) என்றால் 139 வந்திருக்கும். ஆக, ஹீப் (புரோகிராம் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) கெட்டிருப்பதைப் பார்த்து சி லைப்ரரியே நிறுத்தியிருக்கிறது.

தமிழ்ப் பெயர், அதனால் யூனிகோட் கோளாறுதான் என்று ஒப்பிடும் ஃபங்ஷனைப் பாதி நாள் துருவினேன். ‘கணக்கு’ என்று பெயரை மாற்றினால் விழவே இல்லை.

மார்ச் 4
அந்த ஒரு ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டு, பெயருக்கு மால்லாக் செய்யும் (ஹீப்பில் இடம் ஒதுக்கும்) வரிக்கு அடுத்து, திரையில் காட்டும் பிரின்ட்எஃப் ஒன்று போட்டேன். விழுவது நின்றுவிட்டது! எடுத்தால் மறுபடி விழுகிறது. இப்படி நடந்தால் சரியாகிவிட்டது என்று நம்பவே கூடாது, ஹீப்பில் யார் பக்கத்தில் யார் என்பது மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 5
இன்றுதான் பிடிபட்டது. ஒவ்வொரு பெயருக்கும் முதலில் பெயருக்கான இடம், அப்புறம் லிங்க்டு லிஸ்ட் நோடுக்கான (பெயர்களைச் சங்கிலியாகக் கோக்கும் கண்ணிக்கான) இடம், அதற்குப் பிறகுதான் பெயரை நகலெடுக்கும் ஸ்டிரிங்காப்பி. ஜிடிபி என்ற டீபக்கரில் நோடின் முகவரிக்கு 8 பைட் முன்னால் பார்த்தேன். மால்லாக் அந்தத் துண்டின் அளவை எழுதி வைக்கும் இடம் அது. அங்கே 33 இருக்க வேண்டும் (துண்டு 32 பைட், ‘முந்தைய துண்டு பயன்பாட்டில்’ என்பதற்கு 1). இருந்ததோ 0. அங்கே மதிப்பு மாறினால் நிற்கும்படி அந்த முகவரிக்கு வாட்ச் போட்டு மறுபடி ஓட்டினேன், நேராக ஸ்டிரிங்காப்பிக்குள் போய் நின்றது.

மால்லாக்குக்கு வெறும் ஸ்டிரிங்லென் (பெயரின் பைட் நீளம்) அளவைக் கொடுத்திருக்கிறேன், ஸ்டிரிங்கின் முடிவைக் குறிக்கும் நல் பைட்டுக்காக (மதிப்பு 0) ஒன்று கூட்டவில்லை. ‘பட்டியல்’ பார்வைக்கு 5 எழுத்து, யூனிகோடில் 8 குறிகள், யுடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தலா 3 பைட், மொத்தம் 24. 64-பிட் ஜிலிப்சியில் (லினக்ஸின் சி லைப்ரரி) பெயருக்கான துண்டு கொள்வதும் சரியாக 24 தான், ஆகவே கடைசி நல் பைட் பக்கத்துத் துண்டின் அளவை அழித்துவிட்டது. ‘கணக்கு’ 18 பைட், மிச்ச இடம் காப்பாற்றிவிட்டது. 24 எழுத்தில் ஓர் ஆங்கிலப் பெயர் கொடுத்தேன், அதுவும் விழுந்தது. 40, 56 என்று 16 தள்ளித் தள்ளி இதே நிலைதான். நேற்றைய பிரின்ட்எஃப் தன் பஃபரை (தற்காலிக இடத்தை) நடுவில் ஒதுக்கிக்கொண்டு அந்த அடியை வாங்கியிருக்கிறது, அந்தப் பஃபரை யாரும் ஃப்ரீ செய்வதில்லை.

மார்ச் 6
நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் வால்கிரைண்டை முதல் நாளே ஓட்டியிருக்க வேண்டும். ‘24 பைட் பிளாக்குக்கு 0 பைட் அப்பால்’ ஒரு பைட் எழுதப்பட்டது என்று வரி எண்ணோடு சொல்கிறது. நல் பைட்டுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கி நகலெடுக்கும் ஸ்டிரிங்டூப் போட்டுச் சரிசெய்தாயிற்று.

மார்ச் 8
1 முதல் 255 பைட் வரை எல்லா நீளத்திலும் பெயர்கள் உருவாக்கி, அட்ரஸ் சானிடைசரோடு (எல்லை மீறி எழுதுவதைப் பிடிக்கும் கம்பைலர் வசதி) ஓட்டினேன். 1990இல் வெளியான ஆய்வில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் குழுவினர் யூனிக்ஸ் யுட்டிலிட்டிகளுக்குத் தாறுமாறான எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்ததில் கால் பங்குக்கு மேல் விழுந்தன, அதைப் படித்ததிலிருந்தே இப்படி ஒரு சோதனை எழுத நினைத்திருந்தேன். 255ம் தேறிவிட்டன. ஆனால் சிம்பாலிக் லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் ஃபைல்) படிக்கும் இடத்தில், அது சுட்டும் பாதையைத் தரும் ரீட்லிங்க்கை நம்பி நல் பைட் வைக்காமல் விட்டிருக்கிறேன், அது தானாக வைக்காது. நாளை அதைத் திறக்கிறேன்.