நியூசிலாந்தில் அடிபட்டால்: ஏசிசி படிவத்தைப் படித்துப் பாருங்கள்

நியூசிலாந்தில் 1974 முதல் ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்பீடு இருக்கிறது. தப்பு யார் மேல் என்று அது பார்ப்பதில்லை. விசிட்டர் விசாவில் வந்த அம்மா படிக்கட்டில் வழுக்கி விழுந்தாலும், இங்கே பார்க்கும் வைத்தியத்துக்கு உதவும். நோய்க்கு உதவாது, அதனால் பெற்றோருக்குப் பயணக் காப்பீடு எடுக்காமல் விடாதீர்கள்.

ஜிபி (குடும்ப டாக்டர்), எக்ஸ்ரே, பிசியோ, ஆஸ்பத்திரி எல்லாம் தனித்தனி இடங்கள். இவற்றைக் கோர்க்கும் நூல் ஏசிசி45 என்ற படிவமும் அதற்குக் கிடைக்கும் எண்ணும்தான். முதலில் பார்க்கும் டாக்டரோ பிசியோவோ அதை நிரப்பி அனுப்புவார். பிசியோவிடம் ஜிபி கடிதம் இல்லாமல் நேராகவே போகலாம். இரண்டு இடத்திலும் கொஞ்சம் பணம் நம் கையிலிருந்து போகும், முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படிவத்தில் வலதா இடதா, என்றைக்கு, எப்படி அடிபட்டது, காயத்தின் பெயர் என்ன என்று பாருங்கள். "ரொம்ப நாளா முழங்கால் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வயதுத் தேய்மானம் என்று பதிவாகலாம். தேய்மானத்துக்கு ஏசிசி கொடுக்காது. "சனிக்கிழமை ஈரத் தரையில் வழுக்கி முழங்கால் திருகிக்கொண்டது" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆங்கிலத்தில் வராவிட்டால், அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

காயத்தின் பெயரில்தான் அதிகம் பிசகுகிறது. கையை ஊன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலை விரித்தால் மணிக்கட்டில் ஒரு சின்னக் குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன மணிக்கட்டு எலும்பு உடைந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இது பல நேரம் தெரியாது. அதனால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் திரும்ப எடுப்பார்கள். வலி குறைந்துவிட்டது என்று அந்த இரண்டாவது எக்ஸ்ரேக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு, கவனிக்காவிட்டால் கூடாமலே போகும். முறிவு என்று தெரிந்ததும், முதலில் 'சுளுக்கு' என்று பதிவான பழைய ஏசிசி45 எண்ணிலேயே புதுப் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஸ்கேனோ ஆபரேஷனோ கேட்கும்போது, காயத்துக்கும் கேட்பதற்கும் தொடர்பில்லை என்று நின்றுபோகும்.

வேலைக்குப் போக முடியாவிட்டால் சம்பளத்தில் 80 சதவீதம் வாராவாரம் வரும். முதல் வாரத்துக்கு ஏசிசி தராது: வேலையில் அடிபட்டால் முதலாளி தரவேண்டும், வெளியில் என்றால் நம் சிக் லீவ்தான். வாராவாரப் பணத்துக்கு, வேலை செய்ய முடியாது என்று சொல்லும் ஏசிசி18 மருத்துவச் சான்றிதழ் வேண்டும், அதைப் பிசியோ தர முடியாது. சான்றிதழின் தேதி முடியும் முன் அடுத்ததை வாங்கிவிடுங்கள். இடையில் விட்டுப்போன நாளுக்குப் பணம் நிற்கும்.

மறுத்துக் கடிதம் வந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். கடித உறையைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.