மறந்துட்டேன் சார்

"அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டேன். பொய்.

என் மேலதிகாரி ஓய்வு பெறும் நாளில், கேக் வெட்டி எல்லோரும் கலைந்த பிறகு அவர் என் மேசைக்கு வந்து நின்றார். "அன்னைக்கு மீட்டிங்ல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாகியும் கேட்கத் தேவைப்படவில்லை.

ஊழியர்களின் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணத்தை மாதாமாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். அந்த மாதம் 18 ஆகிவிட்டது. ஒப்புதல் கேட்டு 12ஆம் தேதியே அவருக்கு மெயில் போட்டிருந்தேன். எம்.டி. கேட்டபோது, "இவங்க கவனிக்கல சார்" என்று என்னைக் காட்டினார். சுமார் 4 லட்ச ரூபாய், ஆண்டுக்கு 12 சதவீதம், 3 நாள் வட்டி. 400 ரூபாய்கூட வரவில்லை. (அபராதம் தனி.) அன்று கிண்டியில் ஏறித் தாம்பரம் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மெயிலைத் திறந்து காட்டியிருக்கலாம். லேப்டாப் முன்னாலேயே இருந்தது. இன்க்ரிமென்ட் மாதம், பையனுக்கு ஃபீஸ் கட்ட வேண்டும். காரணம் உண்மைதான். ஆனால் கோபம் வரும்போதெல்லாம் அவர் முகத்தைவிட அந்த மூடிய லேப்டாப்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

பொறுப்பது நல்லது, மறப்பது அதைவிட நல்லது என்று பொறையுடைமையில் வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாக வைக்கிறார். நான் முதல் படியே ஏறாமல் இரண்டாவதில் நிற்பதாகச் சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது? மாலையோடு நிற்கிற மனிதரிடம், "ஆமா சார், ரொம்ப வலிச்சது" என்றா?

அவமானம் பத்துப் பேர் முன்னால், மன்னிப்பு மட்டும் தனியாக. எழுதும்போதே அல்பமாகத் தெரிகிறது. வந்து கேட்டாரே, அதுவே பெரிது என்கிறாள் தங்கை. அதுவும் சரிதான். அந்த ஆறு வருடமும் அவரோடு உட்கார்ந்துதான் ஆடிட் முடித்தேன். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தபோது இட்லி கட்டிக்கொண்டு போனேன். அப்போதே மன்னித்துவிட்டேனோ என்னவோ. இல்லை, மேலதிகாரி என்பதால் போனேனா? இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் 10ஆம் தேதியே சலானைக் கட்டிவிடுகிறேன். புதிதாக வந்த பெண், "15 வரைக்கும் டைம் இருக்கேக்கா" என்கிறாள்.

"இருக்கட்டும்மா" என்கிறேன்.