31ஆம் பக்கத்து மீசை

“இதை ஏற்கெனவே படித்துவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆனால் என் மீசையைக் காணவில்லையே” என்றார் அந்தப் பாட்டி.

குறை சொல்லும் குரல் இல்லை அது. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவரின் குரல். புத்தகத்தை 31ஆம் பக்கத்தில் விரித்து, நூலகக் கவுன்ட்டரில் இருந்த என் பக்கம் திருப்பிக் காட்டினார். பக்க எண்ணுக்கு வலப்புறம் வெறும் தாள். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். அதில் ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

மீசை என்பது மூன்று பென்சில் கோடுகள். ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. நுனி சற்று மேல்நோக்கி வளைந்திருக்கும்; பூனையின் ஒரு கன்னத்து மீசையைப் போல. படித்து முடித்த புத்தகத்தில் மட்டும் போடுவார். நூலக வேலையில் இருப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. துப்பறியும் கதைகளை வாரத்துக்கு நான்கைந்து என்று அள்ளிப்போகும் முதியவர்கள் இப்படி ஏதாவது ஒரு குறி வைத்திருப்பார்கள். ஒருவர் 7ஆம் பக்க எண்ணைச் சுற்றி வட்டமிடுவார். இன்னொருவர் கடைசிப் பக்கத்தின் மூலையில் தன் பெயரின் முதலெழுத்தை எறும்பு அளவுக்கு எழுதி வைப்பார். இது விதிப்படி தவறு. எல்லோருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்வதில்லை.

அதிலும் பூனைக் கதைகளை வாசிப்பவர்களுக்குக் குறி இல்லாமல் சரிப்படாது. லிலியன் ஜாக்சன் பிரான் எழுதிய 29 நாவல்களின் தலைப்புகளும் ‘தி கேட் ஹூ’ என்றே தொடங்கும். பின்னோக்கிப் படிக்கத் தெரிந்த பூனை, சிவப்பைக் கண்ட பூனை, அறுபது மீசை வைத்திருந்த பூனை. 1966 முதல் 1968 வரை ஆண்டுக்கு ஒன்றாக மூன்று வந்தன. பிறகு பதினெட்டு ஆண்டுகள் எதுவும் இல்லை. 1986இல் மறுபடி தொடங்கி 2007 வரை வந்துகொண்டே இருந்தன. எல்லாவற்றிலும் அதே பெரிய மீசைக்காரப் பத்திரிகையாளர் குவில்லரன், இரண்டாவது நாவலிலிருந்து அதே இரண்டு சயாமியப் பூனைகள். ஆபத்து வந்தால் அவருடைய மீசை குறுகுறுக்கும். கோகோ என்ற ஆண்பூனை அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தைத் தள்ளிவிடும். துப்பு அதில் இருக்கும். பிரான் டெட்ராய்ட் ஃப்ரீ பிரஸ் நாளிதழில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் எங்கள் மிச்சிகன் மாநிலத்தின் பேட் ஆக்ஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்தவர். மிச்சிகன்காரர்களுக்கு அவர் பக்கத்துத் தெருக்காரர் மாதிரி. 2011இல் தமது 97ஆம் வயதில் இறந்தார். எங்கள் கிளையில் அவருடைய புத்தகங்கள் இரண்டரைத் தட்டு நிறைய இருக்கின்றன.

அந்த இரண்டரைத் தட்டையும்தான் நான் அழித்துச் சுத்தம் செய்திருந்தேன்.

காரணம் இருந்தது. இருந்தது என்று இப்போதும் சொல்கிறேன். யாரோ ஒரு புண்ணியவான், வேறொரு எழுத்தாளரின் கதையில் இருபதாம் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரைப் பென்சிலால் எழுதி, அடிக்கோடும் போட்டு வைத்துவிட்டார். எடுத்துப்போன வாசகர் கொதித்துப்போய் வந்தார். நியாயமான கோபம்தான், துப்பறியும் கதையில் இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? மேலாளர் என்னை அழைத்து, “துப்பறியும் கதைகளையெல்லாம் புரட்டிப் பார்த்து, பென்சில் எழுத்து எதைக் கண்டாலும் அழித்துவிடு” என்றார். எழுத்து என்றாரா, கிறுக்கல் என்றாரா? இதைப் பற்றி நான் யோசித்த நேரத்தில் ஒரு நாவலே படித்து முடித்திருக்கலாம். எழுத்து என்றுதான் சொன்னார் என்றால், மூன்று கோடுகள் எழுத்தாகாது. கிறுக்கல் என்றால் நான் செய்தது சரி. அவரையே போய்க் கேட்கலாம். கேட்கவில்லை.

பனி கொட்டிய இரண்டு பிற்பகல்கள். கூட்டமே இல்லை. வெள்ளை அழிப்பானும் தூரிகையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினேன். 31ஆம் பக்க மீசையை மூன்றாவது புத்தகத்தில் கண்டேன். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன்; சத்தியமாக நினைத்தேன். நினைத்துக்கொண்டே அழித்தேன். அதன்பின் நேராக 31ஆம் பக்கத்தைத் திறப்பது, மீசை இருந்தால் தேய்ப்பது, தூசியை ஊதுவது, அடுத்தது என்று வேலை சூடு பிடித்துவிட்டது. எதில் இருந்தது, எதில் இல்லை என்று குறித்து வைக்கவில்லை. ஏன் குறிக்க வேண்டும்?

மூன்று வாரம் கழித்து அவர் வந்தார்.

“என் கணக்கில் பார்த்துச் சொல்ல முடியுமா கண்ணே, இதை முன்பு எடுத்திருக்கிறேனா என்று?”

முடியாது என்றேன். உண்மையாகவே முடியாது. புத்தகம் திரும்பி வந்ததும் அதற்கும் வாசகருக்கும் உள்ள தொடர்பை எங்கள் கணினி அழித்துவிடும். மிச்சிகனில் 1982 முதலே நூலகத் தனியுரிமைச் சட்டம் இருக்கிறது. யார் எதைப் படித்தார் என்பது ரகசியம். நம்மிடம் இல்லாத பதிவை யாரும் வந்து கேட்க முடியாது என்பதால் பதிவையே வைத்துக்கொள்வதில்லை. இதையெல்லாம் நான் பொறுமையாக, கொஞ்சம் பெருமையாகக்கூட விளக்கினேன். இப்போது உறுத்துவது அதுதான். ஒரு முழு உண்மையைச் சொல்லி இன்னொரு உண்மையை மூடினேன். விரும்பினால் இனிமேல் எடுப்பதைப் பதிவு செய்யும் வசதி உண்டு, போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டேன். “நான் என்ன படிக்கிறேன் என்று மெஷினுக்கு எதற்கு?” என்று சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. “பாதி போனதும் பூனை அடுத்து எந்தப் புத்தகத்தைத் தள்ளும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் மீசை இல்லை. மீசை இல்லை என்றால் நான் படிக்கவில்லை. அப்படியானால்...” என்று நெற்றிப்பொட்டில் விரலால் இரண்டு முறை தட்டிக்கொண்டார்.

“நான்தான் அழித்தேன்.” இரண்டே சொற்கள். ஆங்கிலத்தில் மூன்று. அந்த விரல் நெற்றியில் பட்டு இறங்குவதற்குள் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது: “தலைப்பெல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது அல்லவா, யாருக்கும் குழம்பும்.”

பின்னால் வரிசை நின்றது. வருமான வரிப் படிவம் வாங்க வந்த ஒருவர், படப் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு சிறுமி. அன்றிரவு என் கணவரிடம் சொன்னபோது வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். போன மாதம் தோழியிடம் சொன்னபோது நான்கு பேர் ஆகிவிட்டார்கள். இன்னும் ஒரு வருடம் போனால் வாசல்வரை நிற்பார்கள்.

இந்தக் கதைகளைக் கோஸி மிஸ்டரி என்பார்கள். கொலை உண்டு, ரத்தம் கண்ணில் படாது. பூனை சாகவே சாகாது. அது எழுதாத சட்டம். துப்பறிகிறவர் போலீஸாக இருக்க மாட்டார். தபால் அலுவலகப் பெண், பத்திரிகைக்காரர், ரொட்டிக் கடைக்காரர், எங்களைப் போன்ற நூலகர். மிஸிசிப்பியில் பெரிய மெய்ன் கூன் பூனையைக் கயிறு கட்டி நடத்திக்கொண்டு கொலை துப்பறியும் நூலகர் ஒருவருக்கென்று 2010 முதல் ஒரு தனி வரிசையே வருகிறது. படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். நிஜ நூலகத்தில் நாங்கள் துப்புகளைச் சேர்ப்பதில்லை, இரவோடிரவாக அழிக்கிறோம். அதற்குத்தான் சட்டமே. இந்தக் கதைகளில் கடைசியில் செய்தவரே வாய்விட்டுச் சொல்லிவிடுவதும் வழக்கம். இருபது பக்கம் மீதி இருக்கும்போது தேநீர்க் கோப்பையுடன் உட்கார்ந்து, ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன் என்று கொட்டித் தீர்த்துவிடுவார். நம்பும்படியாக இல்லை என்று பலமுறை முகம் சுளித்திருக்கிறேன். நம்பும்படியாக இல்லைதான்.

நான் சும்மா இருந்துவிடவும் இல்லை. அடுத்த சனிக்கிழமை மாலை, மூடும் நேரத்தில், மேசை விளக்கைத் தாழ்த்திச் சாய்த்து வைத்து 31ஆம் பக்கங்களைப் பார்த்தேன். பென்சில் கரி போனாலும் அழுத்தம் தாளில் தங்கும். மலிவுப் பதிப்பின் சொரசொரப்பான தாளில் பக்கவாட்டு வெளிச்சம் படும்போது மூன்று பள்ளங்கள் மெல்லத் தெரியும். பதினொரு புத்தகங்களில் தெரிந்தன. பதினொன்றிலும் மீசை வரைந்தேன், நுனியை மேலே வளைத்து. பொதுச் சொத்தில் கிறுக்குவது தவறு என்று அழித்தவளே கிறுக்கினாள். நான்கு புத்தகங்களில் பள்ளமா, தாளின் இயல்பான வரியா என்று தெரியவில்லை. அதில் இரண்டில் போட்டேன். ஏன் இரண்டு? நான்கிலும் போட்டால் அவர் படிக்காத புத்தகத்தைப் படித்துவிட்டதாக நம்பக்கூடும். ஒன்றிலும் போடாவிட்டால் மறுபடியும் அந்த விரல் நெற்றிக்குப் போகும். நடுவில் நின்றுகொண்டேன். இரண்டு பக்கமும் தவறு செய்வதற்கு அதுதான் நிச்சயமான வழி என்று இப்போது தெரிகிறது.

பூனை வரிசையைத் தேடி அவர் அதன்பின் வரவில்லை. தோட்டக்கலைப் புத்தகங்கள் எடுத்துப்போனார். கோடையில் அதுவும் நின்றது.

செப்டம்பரில் அவருடைய மகள் மளிகைக் கடைக் காகிதப் பையில் ஐந்து புத்தகங்களைக் கொண்டுவந்து வைத்தார். அம்மாவைத் தன் வீட்டுக்குப் பக்கத்தில், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் ஒரு இடத்தில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். “மறதி. முதலில் அம்மாவேதான் டாக்டரிடம் சொன்னார், படித்த புத்தகம் எது, படிக்காதது எது என்று தெரியவில்லை என்று. அதில்தான் தொடங்கியது.”

அதில்தான் தொடங்கியதா? டாக்டர்கள் ஒரு மீசையை வைத்து முடிவு கட்ட மாட்டார்கள். பரிசோதித்திருப்பார்கள், கேள்வி கேட்டிருப்பார்கள். நான் அழித்திருக்காவிட்டாலும் இது வந்தே இருக்கும், ஒருவேளை நான் அழித்ததால்தான் சீக்கிரம் தெரிந்து நல்லதாகவே முடிந்ததோ என்றுகூட ஒரு இரவு நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். ஆனால் நினைத்தேன். மகளிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். எதைச் சொல்வது? யார் எதைப் படித்தார் என்பதை மகளிடம்கூடப் பேசக்கூடாது. மறுபடியும் சட்டம் எனக்கு வசதியாக அமைந்துவிட்டது.

இப்போதெல்லாம் வேலையில் ஏதாவது தவறு செய்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் அதைத்தான் கற்றுக்கொடுக்கிறேன். மேலாளருக்கு மட்டும் இந்த விஷயம் இன்னும் தெரியாது.

மகள் கொண்டுவந்த ஐந்தில் ஒன்று பூனை வரிசைப் புத்தகம். 31ஆம் பக்கத்தில் மூன்று கோடுகள் இருந்தன. நுனி மேலே வளைந்திருந்தது. அவருடையதும் அப்படித்தான், நான் பழகிக்கொண்டு வரைந்ததும் அப்படித்தான்.

எங்கள் தொழிலில் யாரும் எடுக்காத புத்தகங்களை அலமாரியிலிருந்து நீக்குவதைக் களையெடுப்பு என்கிறோம். இந்த முறை வந்த பட்டியலில் பிரானின் புத்தகங்கள் ஒன்பது. யாராவது இரவல் எடுத்தால் பட்டியலிலிருந்து தப்பும் என்பதால் நான்கை என் அட்டையில் பதிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சும்மா வைத்திருப்பானேன் என்று ஒன்றைப் படிக்கவும் தொடங்கினேன். நூறு பக்கம் தாண்டியதும் கோகோ அடுத்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பே படித்திருக்கிறேனா, எல்லாக் கதையும் இப்படித்தானா, தெரியவில்லை. தலைப்பெல்லாம் ஒரே மாதிரி, யாருக்கும் குழம்பும் என்று நான் சொன்னது அப்படியானால் பொய் இல்லை.

31ஆம் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.