சேலஞ்சரின் அடிவயிறு ஒருவழியாக முடிந்தது

நாசாவின் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தை (ஷட்டில்) 1/144 அளவில், அதாவது நிஜத்தில் 144-இல் ஒரு பங்காக, பிளாஸ்டிக் மாடலாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதன் அடிப்பக்கம் முடிந்தது. ஒட்டியது, புட்டி வைத்தது, உப்புத்தாள் போட்டது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. நேராக டைலுக்கு, அதாவது ஷட்டிலைச் சூட்டிலிருந்து காக்கும் ஓடுகளுக்கு, வருகிறேன்.

நிறைய பேர் ஷட்டிலின் அடிப்பக்கத்தை மொத்தமாகக் கறுப்படித்துவிட்டு டீக்காலுக்கு (எழுத்தும் சின்னமும் ஒட்டும் தாள்) போய்விடுகிறார்கள். தரையிறங்கிய ஷட்டிலின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து டைல்கள்கூட ஒரே நிறத்தில் இருக்காது. புதிதாக மாற்றியது கருகருவென்று இருக்கும், பலமுறை சூடு கண்டது சாம்பல் பூத்திருக்கும். இதை விட்டுவிட்டுச் சில கிட்களில் (ஒட்டிச் செய்யும் மாடல் பாகங்கள் வரும் பெட்டி) டைல் கோடுகளைப் பள்ளமாகவே வெட்டித் தருகிறார்கள். நிஜத்தில் இரண்டு டைலுக்கு நடுவே இடைவெளி ஒன்றிரண்டு மில்லிமீட்டர். அதை 144-ஆல் வகுத்தால் தலைமுடியைவிட மெல்லிசு. கிட்டில் இருக்கும் பள்ளத்தை நிஜ அளவுக்குக் கணக்குப் போட்டால் உள்ளே கையையே விடலாம்! அதனால் பள்ளத்தையெல்லாம் தூர்த்துவிட்டு, நிற வேறுபாட்டை வைத்தே டைலைக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அடிப்பக்கத்து டைல் பெரும்பாலும் ஆறு அங்குலச் சதுரம், அதாவது சுமார் 15.2 செ.மீ. 1/144-இல் அது 1.06 மி.மீ. இதற்கு மாஸ்கிங் டேப்பைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருந்தால் பேரன் வந்துதான் முடிக்க வேண்டும். ரவை சல்லடையைப் பார்த்தபோதுதான் யோசனை வந்தது. பாரிமுனைப் பக்கம் கம்பி வலையை அடிக்கணக்கில் வெட்டித் தருகிற கடைகள் உண்டு. அங்கே வலையை மெஷ் கணக்கில் சொல்லுவார்கள், ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்று. 25.4-ஐ 24-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.06! 24 மெஷ் வலை இந்த கிட்டுக்கென்றே பின்னியது போல இருந்தது.

முதலில் டேமியா கம்பெனி பெயின்ட் எக்ஸ்எஃப்-69 நேட்டோ பிளாக், அது காய்ந்ததும் மேலே வலை, அதற்கு மேல் எக்ஸ்எஃப்-85 ரப்பர் பிளாக்கில் சொட்டு வெள்ளை கலந்து, ரொம்ப நீர்க்க, விட்டுவிட்டு ஒரு தூவல். வலையைத் தூக்கினால் கம்பி இருந்த இடம் கோடாக நிற்கும், நடுவில் சதுரம் வெளுத்துத் தெரியும். வலையை இறக்கையின் நீளவாக்கில் வைக்காதீர்கள். அடிவயிற்றில் டைல்களை மூலைவாட்டில்தான் பதித்திருப்பார்கள். வலையையும் அப்படியே 45 டிகிரி திருப்பி வைக்க வேண்டும்.

தட்டையான இடத்தில் எல்லாம் சுகம். மூக்குக்குக் கீழே வளைவு தொடங்கும் இடத்தில்தான் வம்பு. கம்பி வலை அங்கே படியாமல் தூக்கிக்கொள்கிறது, பெயின்ட் அடியில் புகுந்து கட்டமெல்லாம் கலங்கிவிடுகிறது. ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினேன், பின்பக்கமிருந்து களிமண் முட்டுக் கொடுத்தேன், எதற்கும் மசியவில்லை. கடைசியில் வலையை விரல் அகலத்துக்குக் கீற்று கீற்றாக நறுக்கி, ஒவ்வொரு கீற்றாகப் படிய வைத்து அடித்த பிறகுதான் வழிக்கு வந்தது. நம்மூர் மத்தியான வெயிலில் ஏர்பிரஷ் நுனியிலேயே பெயின்ட் காய்ந்து அடைத்துக்கொள்கிறது என்பதால் இத்தனையும் விடியற்காலையில், பால்கனியில். பெயின்ட் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் நாலு சொட்டு விட்டால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

டைல் உள்ளே வெள்ளை சிலிக்கா, கறுப்பு வெறும் மேல்பூச்சுதான். அதனால் விளிம்பு உடைந்த இடத்தில் வெள்ளைதான் தெரியும். பல்குச்சி நுனியால் ஆங்காங்கே புள்ளி வைத்தேன். அந்த டைலின் அடர்த்தி கன மீட்டருக்கு 144 கிலோ. கிட்டும் 144! இதை வீட்டில் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை.

அழுக்கை அதிகம் ஏற்றவில்லை, காரணம் உண்டு. நான் செய்வது எஸ்டிஎஸ்-8, சேலஞ்சரின் மூன்றாவது பயணம்தான், வண்டி இன்னும் அதிகம் சூடு காணாதது. 1983 ஆகஸ்ட் 30 அன்று கிளம்பியது, ஷட்டில் முதல்முதலாக இரவில் கிளம்பியது அப்போதுதான். உள்ளே நம்ம இன்சாட்-1பி செயற்கைக்கோள். 1ஏ பாதியிலேயே கைவிட்டுப்போன பிறகு நாட்டின் டிவி பாரத்தைச் சுமந்தது இதுதான். இன்சாட்-1சி-யோடு ஷட்டிலில் போக இஸ்ரோவின் பி. ராதாகிருஷ்ணனும் என்.சி. பட்டும் தேர்வாகியிருந்தார்கள். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் 73 நொடியில் சிதறியதோடு அந்த வாய்ப்பும் போயிற்று. 1சி 1988-இல் ஏரியான் ராக்கெட்டில் தனியாகப் போனது.

கீழ் வீட்டுப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார், இது கல்பனா சாவ்லா போனதா?" என்றார். இல்லைங்க, அது கொலம்பியா. அதற்கு இறக்கை தொடங்கும் இடத்தில் மேல்பக்கமும் கறுப்பாக இருக்கும் என்று காட்டினேன். அப்புறம் யார் எங்கே உட்காருவார்கள், பாத்ரூம் எங்கே என்று அரை மணி நேரம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் மொட்டை மாடிக்கு எல்லோரும் வருகிறார்கள், புகை கலைந்ததும் இறங்கிவிடுகிறார்கள். ஆள் ஏறும் வண்டி என்றால் கேள்வி ஓய்வதில்லை.

கிட் ஆன்லைனில்தான் வாங்கினேன். பெட்டி நசுங்கி, டீக்கால் தாள் மடிந்து வந்தது. மாற்றித் தரக் கேட்டால் படம் அனுப்பு, வீடியோ அனுப்பு என்று இழுத்தடித்தார்கள். தாளைக் கனமான புத்தகத்துக்கடியில் வைத்திருக்கிறேன், பார்ப்போம்.

எஞ்சின் வாய்களுக்கு இன்னும் பெயின்ட் தொடவில்லை, சரக்கு அறை காலி. அதில் இன்சாட்டை மடித்த நிலையில், வெயில் மறைப்போடு செய்து வைக்க வேண்டும். அதற்குள் இஸ்ரோவின் ஆர்எல்வி-டிடி மேல் கை போகிறது. 2016 மே 23 அன்று பறந்ததே, அந்தக் குட்டி இறக்கைச் சோதனை வண்டி. நீளம் 6.5 மீட்டர், 1/72-இல் 9 செ.மீ. அதற்கு ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) ஷீட் வாங்கியாகிவிட்டது. அதன் மூக்கு இன்னும் சின்னது, கம்பி வலை அங்கே சுத்தமாக வேலைக்கு ஆகாது. 24 மெஷ்ஷில் நைலான் வலை சென்னையில் எங்கே சில்லறையாகக் கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.